மஞ்சள் விளக்கு

எந்திர அறிவு எனக்கு என்றுமே வாய்த்ததில்லை. இலக்கணம் கற்பிக்கச் சொன்னால் விடிய விடியக் கற்பிப்பேன். மகிழுந்தின் முன்மூடியைத் திறக்கச் சொன்னால் கையைப் பிசைந்து நிற்பேன். பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராகப் பணிபுரியும் நான், பத்தாண்டு பழமையான என் மகிழுந்தை நம்பியே நாள்தோறும் பள்ளிக்குச் சென்று வருகிறேன். அந்த மகிழுந்து சென்ற ஆண்டு எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன், தான் கற்றுக்கொண்ட கதையை ஒளிக்காமல் சொல்வதே முறை எனக் கருதி இதனை எழுதுகிறேன்.

ஒருநாள் மாலை வீடு திரும்பும் வழியில், வேகமானியின் அருகே எந்திர வடிவிலான மஞ்சள் விளக்கொன்று எரிந்தது. வண்டியின் ஓட்டத்தில் எந்தக் குறையும் தென்படவில்லை. ஆயினும் மறுநாளே ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்தவர் முன்மூடியைத் திறந்தும் பாராமல், “ஆயிரத்து இருநூறு வெள்ளி ஆகும்” என்றார். என்ன பழுது என்று வினவினேன். “பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்” என்றார். பழுது இன்னதென்று தெரியாதவருக்கு அதன் விலை மட்டும் எவ்வாறு தெரிந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பள்ளியில் இதைச் சொன்னபோது, இளம் ஆசிரியர் ஒருவர் தம் பையிலிருந்து தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கருவி ஒன்றை எடுத்துக் காட்டினார். “ஐயா, பழுது என்னவென்று வண்டியே சொல்லும்; கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்” என்றார். திசைதிருப்பியின் அடியில், பதினாறு முனைகள் கொண்ட செருகுவாய் ஒன்று இருப்பதை அன்றுதான் கண்டேன். அதில் அந்தக் கருவியைச் செருகி, சாவியைத் திருப்பி, புளூடூத் வழியாகத் தம் திறன்பேசியோடு இணைத்தார். செயலியைத் திறந்ததும், எந்திரத்தின் சுழற்சி வேகம், குளிர்நீரின் வெப்பம், மின்கலத்தின் அழுத்தம் ஆகிய அனைத்தும் திரையில் எண்களாகத் தோன்றின. மருத்துவமனையில் நோயாளியின் தலைமாட்டில் ஓடும் திரையே என் நினைவுக்கு வந்தது.

இந்த ஏற்பாடு புதியதன்று. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு வகை மகிழுந்துகள் முதல், எல்லா வண்டிகளும் தம் பழுதை ஒரே முறையான குறிகளால் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. புகைமாசைக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கம். ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001இல் அது கட்டாயமாயிற்று. முன்பு பட்டறைகளில் மட்டுமே இருந்த விலையுயர்ந்த கருவியின் அடிப்படை வேலைகளை, இன்று சில பத்து வெள்ளிப் பெறுமானமுள்ள சிறு கருவியும் ஒரு செயலியும் செய்துவிடுகின்றன.

என் வண்டி சொன்ன குறி ‘பி 0301’. 03 என்பது தீப்பற்றலில் நேரும் தவறையும், ஈற்றிலுள்ள 1 அது முதலாவது சிலிண்டரில் நேர்வதையும் குறிக்கும் என இளம் ஆசிரியர் விளக்கினார். “ஏன் தவறுகிறது?” என்றேன். “அதை இது சொல்லாது, ஐயா. ஸ்பார்க் பிளக்காக இருக்கலாம். அதற்கு மின்சாரம் தரும் காயிலாக இருக்கலாம். எரிபொருள் தெளிக்கும் குழலாகவும் இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே குறியை அழிக்க வேண்டும்” என்றார்.

நான் அவ்வாறு செய்யவில்லை. நாற்பது வெள்ளிக்கு எனக்கும் ஒரு கருவி வாங்கினேன். அன்றிரவே வண்டியில் அமர்ந்து, செயலியில் ‘குறியை அழி’ என்றிருந்த இடத்தைத் தொட்டேன். மஞ்சள் விளக்கு அணைந்தது. ஆயிரத்து இருநூறு வெள்ளியை விரல்நுனியால் மிச்சப்படுத்திய பெருமிதத்தோடு உறங்கச் சென்றேன். பழுது நேர்ந்த நொடியில் எந்திரம் எந்த நிலையில் இருந்தது என்று வண்டி குறித்து வைத்திருந்த விவரமும் குறியோடு சேர்ந்து அழிந்துபோகும் என்பதை அப்போது நான் அறியேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை, பேச்சுப் போட்டிக்காக மூன்று மாணவர்களை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்பட்டேன். பெற்றோர் என்னை நம்பி ஒப்படைத்த பிள்ளைகள். செம்மோரை நெருங்கும்போது வண்டி குலுங்கத் தொடங்கியது, வேகம் குன்றியது. பின்னால் பாரவண்டி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு நெருங்கி வந்தது. “ஐயா, அந்த விளக்கு ஏன் கண் சிமிட்டுகிறது?” என்று பின்னிருக்கையிலிருந்த சிறுமி கேட்டாள். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் கவனிக்க வேண்டும். சிமிட்டினால் உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். எரியாத எரிபொருள் புகைக்குழாய்க்குள் சென்று, நச்சுப்புகையை மாற்றும் விலையுயர்ந்த உறுப்பையே பாழாக்கிவிடும். வண்டியைச் சாலையோரம் ஒதுக்கிப் பிள்ளைகளை இறக்கிப் புல்வெளியில் நிறுத்தினேன். என் கைகள் நடுங்கியதை அவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஆசிரியை ஒருவர் தம் வண்டியில் வந்து பிள்ளைகளை அழைத்துச் சென்றார். என் வண்டி சிறிய பட்டறை ஒன்றுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. அதன் உரிமையாளர் முதிய சீனர். என் கருவியைச் செருகிப் பார்த்தபோது அதே 0301. அவர் முதலாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் பொருத்தினார். இரண்டாவதன் காயிலை முதலாவதில் பொருத்தினார். குறியை அழித்துவிட்டுச் சற்று நேரம் வண்டியை ஓட்டினார். இப்போது வந்த குறி 0302. “சிக்கு, பார்த்தீர்களா? காயில் போன இடத்துக்கே நோயும் போகிறது” என்றார். புதிய காயிலுக்கும் கூலிக்குமாக நூற்று எழுபது வெள்ளி வாங்கிக்கொண்டார். அவரும் குறியை அழித்தார். ஆனால், காரணத்தைத் தேடுவதற்காக அழித்தார். நானோ அதைக் காணாதிருப்பதற்காக அழித்தேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1996ஆம் ஆண்டின் நினைவே வந்தது. பயிற்சி முடித்து வந்த புதிதில், தோட்டப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டு ஆசிரியராக இருந்தேன். மாணவன் ஒருவன் நாள்தோறும் தாமதமாக வருவான். குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்புக் கோடுகள் பெருகின. ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கடிந்துரைத்து, வகுப்பின் வெளியே நிற்க வைத்தேன். மறுநாள் முதல் அவன் தாமதமாக வரவில்லை. அவன் வரவே இல்லை. இரண்டு வாரம் கழித்து லயத்துக்குச் சென்று பார்த்தேன். தாயார் விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்விடுவார். படுக்கையில் கிடந்த பாட்டிக்குக் கஞ்சி கொடுத்துத் துணி மாற்றிவிட்டே அவன் பள்ளிக்குப் புறப்பட வேண்டும். அவன் திரும்பி வந்தான். ஆனால், என் முகம் பார்த்துப் பேச அவனுக்கு ஓராண்டு பிடித்தது. வண்டிகளெல்லாம் தம் குறையை முறையாகச் சொல்லத் தொடங்கிய அதே காலத்தில், ஒரு சிறுவன் நாள்தோறும் சொல்லி வந்த குறையை நான் கோடு கிழித்து மூடியிருக்கிறேன்.

அந்தக் கருவியை நான் வீசிவிடவில்லை. திங்கள்தோறும் ஒருமுறை, வண்டி நின்றிருக்கும்போது செருகிப் பார்க்கிறேன். எந்திரம் ஓடும்போது மின்கல அழுத்தம் பதினான்கு வோல்ட்டை ஒட்டி இருக்கிறதா, குளிர்நீர் அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று கவனிக்கிறேன். பார்த்து முடித்ததும் கழற்றிவிடுகிறேன்; செருகியபடியே விட்டால் மின்கலத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். ஓட்டும்போது திரையைப் பார்ப்பதில்லை. தேய்ந்த டயரையும் பிரேக் கட்டையையும் அது சொல்லாது என்பதையும் மறப்பதில்லை. குறி வந்தால் தாளில் எழுதிக்கொண்டு அந்த முதியவரிடம் செல்கிறேன்.

சென்ற வாரம் ஆசிரியை ஒருவர், இரண்டாம் ஆண்டு மாணவி வீட்டுப்பாடமே செய்து வருவதில்லை என்று முறையிட்டார். தண்டிக்கலாமா என்று கேட்டார். நான் மேசை இழுப்பறையைத் திறந்து அந்தச் சிறிய கருவியைப் பார்த்தேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, “வாருங்கள், பள்ளி முடிந்ததும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் வருவோம்” என்றேன்.