ஒரு வேளை அடுப்பு

பால் மறந்த குட்டிக்கு மூன்று மாதம் வரை நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அதற்குமேல் ரெண்டு. நாய் வளர்ப்பவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது. குட்டியின் வயிறு சிறிசு, ஈரலில் சேமிப்பும் கொஞ்சம்தான். வெகுநேரம் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். இதெல்லாம் சரி. ஆனால் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரக் கரிசலில், மனுஷருக்கே ஒரு வேளைதான் அடுப்பு எரிந்த காலத்தில், கன்னி, சிப்பிப்பாறை என்ற வேட்டை நாய்கள் எதைத் தின்று அப்படி ஓடின என்பதுதான் எனக்குத் தீராத யோசனை.

எங்கள் ஆச்சி வீட்டில் பொழுது சாயும்போதுதான் உரல் சத்தம் கேட்கும். கம்பில் தண்ணீர் தெளித்துக் குத்தி, உமியைப் புடைத்து, மறுபடியும் குத்தி, கொதிக்கிற உலையில் கொட்டிக் கிண்டுவாள். காட்டிலிருந்து வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆறின சோற்றில் மோர் விட்டுப் பிசைந்து எங்கள் கருங்கன்னி நாய்க்கு ஓர் உருண்டை. மிச்சம் தண்ணீருக்குள் போய்விடும். அதுதான் எல்லோருக்கும் மறுநாள் கஞ்சி. நாய்க்குக் காலையில் ஒன்றும் கிடையாது.

அந்த நாய் குட்டி போட்டதும் ஆச்சியின் கணக்கே மாறிவிட்டது. "பிள்ள பெத்தவளுக்கு ஒரு வேள காணுமா?" என்று காலைக் கஞ்சியில் தன் பங்கிலிருந்தே ஒரு செம்பு ஊற்றினாள். மதியம் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இல்லாத நேரத்தில்கூட அதற்கு ஏதோ ஒன்று இருந்தது. குட்டிகளுக்கு மூணு வாரம் தாண்டியதும் ஆட்டுப்பாலில் கூழைக் கரைத்து, விரலில் தொட்டு நக்கவிட்டாள். எத்தனை தடவை ஊற்றணும் ஆச்சி என்று கேட்டால், "முழிச்சா பசிதான். வயித்தப் பாத்து ஊத்து" என்பாள். பொழுதடைவதற்குள் அது நாலைந்து தடவை ஆகிவிடும்.

"எங்க தாத்தா காலத்தில் வேட்டை நாய்க்கு ஒரு வேளைதான்" என்று இப்போது சிலர் பெருமையாகச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு ஒப்பவில்லை. அதை முறை என்று சொல்லக்கூடாது. அது வறுமையின் நேரம். நெஞ்சு ஆழமாக, வயிறு ஒட்டி இருக்கும் இந்த மாதிரி இனங்களுக்கு இரைப்பை உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து அதிகம்; சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். ஒரேயடியாக வயிறு முட்டத் தின்பதும் அதற்கு ஒரு காரணம். அளவைப் பிரித்து ரெண்டு வேளையாகப் போடுவதும், தின்ற கையோடு ஓடவிடாமல் இருப்பதும்தான் நல்லது. நாயை வெறும் வயிற்றோடு காட்டுக்குக் கூட்டிப்போன வழக்கத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்; மற்ற பாதி, வீட்டில் தானியம் இல்லாதது.

நாய்க்குக் கம்பு ஒத்துக்கொண்டதற்கு வேறு காரணம் உண்டு. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் ரெண்டு பிரதிதான். நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக 2013இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொன்னது. மனுஷர் சோற்றை அண்டி வாழ்ந்தே நாயின் உடம்பு மாறியிருக்கிறது. ஆனாலும் தானியம் மட்டும் போதாது. முன்பு முயல் கறியில் ஒரு துண்டாவது நாய்க்கு விழும். வனவிலங்குச் சட்டப்படி முயல் வேட்டை இப்போது குற்றம், அது நியாயமும்கூட. போன கறிக்குப் பதிலாக முட்டையோ கோழிக்கறியோ வைப்பது வளர்ப்பவர் கடமை. வெறும் ரேஷன் அரிசிச் சோற்றில் கன்னிக்குட்டிக்குக் கால் எலும்பு திறமாக வராது.

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் கன்னி, சிப்பிப்பாறை பெயர்களைச் சொன்னார். குட்டி கேட்டு வெளியூர்க்காரர்கள் இந்தப் பக்கம் வந்துபோகிறார்கள். நிறம், உயரம், வால், விலை எல்லாம் விசாரிக்கிறார்கள்; தாயின் தீனியை விசாரிப்பதில்லை. பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைப்போல ரெண்டு, மூணு பங்கு தீனி வேண்டும். அந்த ஒன்றரை மாதம் தாய்க்கு என்ன ஊற்றினீர்கள், எத்தனை தடவை ஊற்றினீர்கள் என்பதை அவர்கள் முதலில் கேட்கட்டும்.