கறுப்பு முட்டையைப் பார்த்துக் குமட்டியவர் சமையல் மாணவியான கதை!

தட்டில் வெட்டி வைக்கப்பட்ட முட்டை. வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி கறுப்புத் தேநீர் நிறத்தில், நுங்கு போல வழுவழுவென்று இருக்கிறது. மஞ்சள் கரு இருக்க வேண்டிய இடத்தில் கரும்பச்சையில் ஒரு குழைவு. கிட்டே போனால் லேசான அம்மோனியா வாடை.

1992-ல் ஹாங்காங் போயிருந்த ஃபுக்‌ஷியா டன்லப் என்ற இங்கிலாந்துப் பெண்ணின் முன் இதைத்தான் வைத்தார்கள். ஒரு துண்டை வாயில் போட்டதுமே குமட்டல். சாப்ஸ்டிக்கில் ஒட்டிய கரும்பச்சைப் பிசுக்கை யாருக்கும் தெரியாமல் மேஜை விரிப்பில் துடைக்கப் பார்த்தாராம்.

‘நூற்றாண்டு முட்டை’ என்று இதற்குப் பட்டப்பெயர் உண்டு. பயப்படாதீர்கள், நூறு வருடப் பழசெல்லாம் இல்லை. வாத்து முட்டையைச் சுண்ணாம்பு, சாம்பல், உப்பு கலந்த பூச்சுக்குள் சில வாரங்களோ மாதங்களோ வைத்திருப்பார்கள். காரத்தன்மை உள்ளே இறங்கி, அடுப்பே இல்லாமல் முட்டை உறைந்துவிடும். நம் ஊறுகாயைப் போல அதுவும் ஒரு பாடம் பண்ணும் முறைதான். ஆனால், 2011-ல் சி.என்.என் இணையதளம் இதை உலகின் மிக அருவருப்பான உணவுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. சீனாவில் எதிர்ப்பு கிளம்ப, பிறகு மன்னிப்புக் கேட்டது. தினமும் இதைக் கஞ்சியோடு சாப்பிடும் ஒரு குடும்பத்துக்கு அந்தப் பட்டியல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டன்லப் அந்த முட்டையோடு ஊர் திரும்பி இருக்கலாம். ஆனால், 1994-ல் உதவித்தொகை வாங்கிக்கொண்டு சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டுவுக்குப் படிக்கப் போனார். சிறுபான்மை இன மக்கள் பற்றிய ஆய்வுக்கு என்றுதான் பெயர். கவனமெல்லாம் தெருவோரக் கடைகளில்! கிளம்பும் முன் ஒரு முடிவு எடுத்திருந்தார்: யார் என்ன கொடுத்தாலும் சாப்பிடுவது. விருந்தாளியாகப் போகிறவருக்கு அதுதானே மரியாதை?

செங்டு, வெயிலைப் பார்ப்பதே அபூர்வமான ஊர். மூட்டமும் ஈரமும்தான் அதிகம். உடம்பில் சேரும் அந்த ஈரத்தை விரட்டத்தான் இவ்வளவு காரம் என்பது உள்ளூர் வைத்திய நம்பிக்கை. பூங்காத் தேநீர்க் கடைகளில் மூங்கில் நாற்காலி போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கேயே காதைச் சுத்தம் செய்துவிடும் ஆட்களும் சுற்றி வருவார்கள். இருட்டினால் முயல் தலைக் கடைகள். ஆம், மசாலாவில் வெந்த முழு முயல் தலை! தாடையைப் பிளந்து, கன்னம், நாக்கு, மூளை என்று கையாலேயே சாப்பிட வேண்டும்.

இந்த ஊர்ச் சமையலின் உயிர் ஹுவாஜியாவ் என்ற சிச்சுவான் மிளகு. உண்மையில் இது மிளகு இனமே இல்லை, எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. கொங்கணிக்காரர்கள் மீன்குழம்பில் போடும் தெப்பால் இதற்கு நெருங்கிய சொந்தம். கடித்தால் காரம் இருக்காது. உதடும் நாக்கும் மரத்துப்போய், லேசான மின்சாரம் பாய்வதுபோல அதிரும். முதல்முறை சாப்பிடுபவர்கள் ஒவ்வாமையோ என்று பதறுவதுண்டு. நம் ஊர் ஃபாஸ்ட் ஃபுட் கடையில் ‘ஷெஷ்வான்’ ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டுவிட்டு சிச்சுவானையே ருசித்ததாக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அதில் இருப்பது பெரும்பாலும் மிளகாயும் பூண்டும்தான். இந்த மிளகைத் தேடினாலும் கிடைக்காது.

காரமும் மரமரப்பும் டன்லப்புக்குச் சீக்கிரமே பழகிவிட்டன. பழகாமல் அடம்பிடித்தது வேறொன்று. கூஸ் எனப்படும் பெரிய வாத்தின் குடல், மாட்டு இரைப்பை, குருத்தெலும்பு, கோழிக்கால். இவற்றில் சுவை என்று பெரிதாக எதுவும் இல்லை. பின்னே எதற்குச் சாப்பிடுகிறார்கள்?

கடிக்கும் சுகத்துக்காக! சீன மொழியில் அதற்கு ‘கோவ்கான்’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. வாய் உணரும் விதம் என்று சொல்லலாம். மொறுமொறுப்பிலேயே வகைகள், வழுக்கலில் வகைகள், ரப்பர் போல இழுபடுவதில் வகைகள். கொதிக்கும் ஹாட்பாட் குழம்பில் இரைப்பைத் துண்டை ‘ஏழு முறை மேலே, எட்டு முறை கீழே’ முக்கி எடுக்க வேண்டும் என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். கூடினால் தோல் செருப்பு!

பிடிக்காமலேயே மரியாதைக்காகச் சாப்பிட்டுவந்த டன்லப், இந்த ‘ரப்பர்’ சமாசாரங்களை ரசிக்கத் தொடங்கப் பல வருடங்கள் ஆயின. குடல் குழம்பையும் ஆட்டுக்காலையும் சப்புக்கொட்டும் நமக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். வெண்டைக்காய் வழவழப்பை முதன்முதலில் பார்க்கும் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

இதற்கிடையே செங்டுவின் அரசு சமையல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பயிற்சி பெற்ற முதல் மேற்கத்தியர் அவர்தான். வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள், பாடம் உள்ளூர்ப் பேச்சுவழக்கில். 2008-ல் வெளிவந்த அவருடைய நினைவுக்குறிப்பு நூலில் சங்கடமான பக்கங்களும் உண்டு. எதையும் சாப்பிடுவேன் என்ற சபதம், அழிந்துவரும் உயிரினங்கள் மேஜைக்கு வரும்போது என்ன ஆகும்? நூலின் தலைப்பிலேயே இடம்பெற்ற சுறாத் துடுப்பு உட்படப் பலவற்றைப் பற்றி அவருக்கே கேள்விகள் எழுகின்றன. எனக்கு அந்தப் பகுதிதான் பிடித்தது. முகத்தைச் சுளித்து தம்ப்நெயில் போடும் ஃபுட் வீடியோக்களில் இந்தக் கேள்வி வருவதே இல்லை.

பிற்பாடு அவர் செய்த வேலைதான் சுவாரஸ்யம். மூன்று சிச்சுவான் சமையல் நிபுணர்களை அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற உணவகங்களில் ஒன்றான ‘ஃப்ரெஞ்ச் லாண்ட்ரி’க்கு அழைத்துப்போனார். முயல் தலை ஊரிலிருந்து வந்தவர்கள், உள்ளே சிவப்பாக இருந்த அரைவேக்காட்டு ஆட்டிறைச்சியைப் பார்த்து மிரண்டுவிட்டார்கள். ஆலிவ் காய் அவர்களுக்குக் கஷாயம் போலக் கசந்தது.

இன்னொரு முறை, நாற்றத்துக்கே பெயர்போன புளித்த டோஃபுவின் ஊரான ஷாவ்ஷிங்குக்கு ஐரோப்பிய சீஸ் வகைகளைக் கொண்டுபோய் சமையல்காரர்களிடம் நீட்டினார். அவர்கள் தயக்கத்தோடு ருசித்துவிட்டுச் சொன்ன குறை இதுதான்: டோஃபு நாற்றம் சட்டென்று போய்விடும், இந்த சீஸ் நாக்கிலேயே அப்பிக்கொள்கிறதே!