அலகு எழுதாத எண்

மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞருக்குப் பேச்சு இல்லை. 5 வெள்ளி கட்டி வழக்கைப் பதிகிறவர் தன் நியாயத்தைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விதிக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு எதிரே வசதியுள்ளவர் வக்கீலோடு வந்து நிற்கக் கூடாது என்பதற்காகப் போட்ட நல்ல விதி அது. ஆனாலும் விசாரணை பொதுவில் நடப்பதால் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க வழக்கறிஞர்களான எங்களுக்குத் தடையில்லை. நான் மனு எழுதிக் கொடுத்த லாயாங் லாயாங் பெரியவர் ஒருவரின் வழக்கை அப்படித்தான் பார்த்தேன்.

குளுவாங் மாவட்டத்தில், ரயில் பாதையை ஒட்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் அது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் குலை அறுத்து ஓய்வு பெற்ற அவர், சேமநிதிப் பணத்தில் சிங்க் கூரை போட்டு ஒரு வீடு கட்டினார். நோயாளி மனைவி பகலெல்லாம் படுத்திருக்கும் வீடு. கூரைக்கடியில் விரிக்கும் வெப்பத்தடுப்புப் பாய் வாங்கும்போது கேட்கச் சொல்லி, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் ஒரு தாளில் ‘ஆர் 2.5’ என்று எழுதிக் கொடுத்திருந்தான். கடைத் தவுக்கே அதே எண் அச்சிட்ட சுருள்களைக் கொடுத்தார்; ரசீதிலும் அதே எண். விரித்து முடித்த பிறகும் மத்தியானத்தில் அந்த வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

மகன் அந்த எண்ணைச் சும்மா எழுதவில்லை. எம்.எஸ். 1525 என்ற மலேசியத் தரநிலை, லேசான கூரை வழியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 0.4 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது என்கிறது. அது வீடுகளுக்காக எழுதப்பட்டதல்ல என்றாலும், ஒன்றை 0.4-ஆல் வகுத்தால் ‘ஆர்’ எனப்படும் வெப்பத்தடை 2.5 என்று கிடைக்கும். அதைத்தான் அவன் அப்பாவுக்கு வேண்டும் என்று நினைத்தான். ஆனால் ‘ஆர்’ என்ற ஒரே எழுத்தை இரண்டு உலகங்கள் பயன்படுத்துகின்றன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சதுர மீட்டர், செல்சியஸ், வாட் கொண்டு அளக்கின்றன. அமெரிக்கா சதுர அடி, ஃபாரன்ஹீட், பி.டி.யூ. கொண்டு அளக்கிறது. மெட்ரிக் எண்ணை 5.678-ஆல் பெருக்கினால் அமெரிக்க எண் வரும். மகன் கேட்ட மெட்ரிக் 2.5 அமெரிக்கக் கணக்கில் 14.2, கடை கொடுத்த அமெரிக்க 2.5 மெட்ரிக் கணக்கில் வெறும் 0.44. சிங்க் தகட்டுக்கும் அறைக்கும் 30 டிகிரி வித்தியாசம் இருந்தால், பாயை மட்டும் கணக்கில் கொண்டாலே சதுர மீட்டருக்கு 12 வாட் இறங்க வேண்டிய இடத்தில் 68 வாட் இறங்கும். 80 சதுர மீட்டர் கூரைக்கு அது ஒரு இஸ்திரிப் பெட்டிக்குப் பதில் ஐந்துக்கும் மேற்பட்டவை ஓயாமல் எரிவதற்குச் சமம்.

தவுக்கே ஏமாற்றுக்காரர் இல்லை என்பதை நான் இன்றும் நம்புகிறேன். சுருளின் உறையில் அலகு பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. அதை அவரும் படித்ததில்லை. அவருடைய வாதம் பலமானது: எண் சொல்லிக் கேட்டார், அந்த எண்ணைக் கொடுத்தேன். விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்கிற 34-ஆம் பிரிவு அவர் பக்கம் நின்றது. வாங்குகிறவர் சொன்ன தேவைக்குப் பொருள் உதவ வேண்டும் என்கிற 33-ஆம் பிரிவுதான் பெரியவருக்கு வழி. ஆனால் கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கவில்லை என்றால் அந்தப் பிரிவும் கைவிட்டுவிடும். கையில் தாளோடு போனவர் கடைக்காரரை நம்பினாரா, தாளை நம்பினாரா?

மன்றத் தலைவர் அந்த இடத்தைத்தான் தொட்டார். கடையில் தாளைக் கொடுத்தபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். “சிங்க் சூடு இறங்கக் கூடாது, என் சம்சாரம் படுத்திருக்கிறாள், இது போதுமா என்று கேட்டேன்” என்றார் பெரியவர், மலாயில். “போதும் என்று சொன்னேன்” என்று தவுக்கே ஒப்புக்கொண்டார். வழக்கு அங்கே திரும்பியது. அலகில்லாத எண் இரண்டு வெவ்வேறு பொருள்களுக்குப் பொருந்தும்போது, எதற்காக வாங்குகிறேன் என்று சொன்ன சொல்தான் எந்தப் பொருள் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்த மனுவின் சாரமும் அதுவே.

மீதி இருந்தது கூலி. பாயை விரித்த ஆளுக்குப் பெரியவர் கொடுத்தது கைக்காசு. நம் ஊர்களில் யார் அதற்கு ரசீது எழுதுகிறார்கள்? ஆதாரம் கேட்டபோது அவர் பேசாமல் நின்றார். அந்த ஆளையே சாட்சிக்கு அழைக்கத் தவணை கேளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. எளியவரைக் காக்க வந்த விதி அந்த எளியவருக்கு நான் உதவ முடியாதபடி என்னை உட்கார வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டால் எதிர்ப்பக்கத்திலும் ஒரு வக்கீல் எழுந்து நிற்பார் என்பதால், அதை மாற்ற வேண்டும் என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

சுருள்களின் விலை முழுவதையும் 14 நாளில் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பானது. கூலிக் கோரிக்கை தள்ளுபடி. கூரையைப் பிரித்து மறுபடி விரித்த செலவு மகன் தலையில் விழுந்தது. வீடு கட்டுகிறவர்களே, ரசீதில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கூலி கொடுக்கும்போது ஒரு துண்டுத் தாளிலாவது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.