நெஞ்சு படபடத்தால் ஈமான் குறைந்துவிட்டதா?



ஒரகடம் சிப்காட் வட்டாரத்தில் இரவு ஷிப்ட் முடித்து அறைக்குத் திரும்பும் நம்மில் பலர் அறிந்த அனுபவம் ஒன்று உண்டு. படுத்தவுடன் நெஞ்சு படபடக்கிறது, வயிறு பிசைகிறது, காரணம் விளங்காத அச்சம் சூழ்கிறது. இதை வாய்விட்டுச் சொன்ன ஓர் இளைஞரிடம், "ஈமான் பலவீனம்" என்று தீர்ப்புரைத்தவர்கள் நம்மிடையே உண்டு. அதன்பின் அவர் இதைப் பற்றி எவரிடமும் பேசுவதில்லை. அத்தீர்ப்பு சரிதானா என்று சிந்திக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

உணர்ச்சி மனத்தில் தோன்றிப் பிறகு உடலில் இறங்குகிறது என்றே நாம் எண்ணுகிறோம். உடலில் நிகழும் மாற்றத்தை அறிவதே உணர்ச்சி என்று 1884இல் வில்லியம் ஜேம்ஸ் எழுதினார். அக்கருத்து அப்படியே இன்று ஏற்கப்படவில்லை. ஆயினும் உடலின் பங்கை எவரும் மறுப்பதில்லை. இதயம், நுரையீரல், குடல் ஆகியவற்றின் செய்திகள் நரம்புகள் வழியே மூளைக்கு ஏறுகின்றன. இன்சுலா என்னும் பகுதி அவற்றைப் பெறுகிறது. அச்சத்திலும் இதயம் விரையும், சினத்திலும் விரையும். எனவே சூழலையும் நினைவையும் சேர்த்தே மூளை அத்துடிப்புக்குப் பொருள் கொள்கிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன் ஆராய்ந்த ஒருவர், தலையில் அடிபட்டபின் தம் பெற்றோரைப் "போலிகள்" என்றார். முகம் அடையாளம் தெரிந்தது. ஆனால் பழகிய முகத்தைக் காணும்போது நம் தோலில் உண்டாகும் நுண்ணிய வியர்வை மாற்றம் அவருக்கு உண்டாகவில்லை. உடல் அப்பதிலைத் தராததால் பெற்ற தாயும் அந்நியரானார் என்பதே அறிஞரின் விளக்கம்.

நம் நிலைக்கு வருவோம். உறக்கக் குறைவும் அடுத்தடுத்துக் குடித்த தேநீரும் இதயத்தை விரைவுபடுத்தக் கூடும். மூளை அதற்குக் காரணம் தேடுகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா, தங்கையின் திருமணம் என்னாகும் என்ற கவலைகள் அருகிலேயே காத்திருக்கின்றன.

அகழ்ப்போரில் நம்பிக்கையாளர்களின் இதயங்கள் தொண்டையை எட்டிய நிலையை அல்லாஹ் குர்ஆனில் (33:10) நினைவூட்டுகிறான். மூஸா (அலை) அவர்களும் தம் உள்ளத்தில் அச்சத்தை உணர்ந்தார்கள் (20:67). அச்சம் எழுவதே ஈமானின்மை என்றால் இவ்வசனங்களை எங்ஙனம் விளங்குவோம்? சினம் கொண்டவர் நின்றிருந்தால் அமரட்டும், அது தணியாவிட்டால் படுக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். உள்ளத்தைத் தணிக்க உடலின் நிலையையே அவர்கள் மாற்றச் சொன்னார்கள்.

ஆகவே நெஞ்சு படபடக்கும் சகோதரரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அவர் உறங்க அமைதியான அறை கிடைக்கச் செய்வோம். அவருக்காக துஆச் செய்வோம். உள்ளங்களை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. தீர்ப்பை அவனிடமே விட்டுவிடுவோம்.