தொப்பி எதைப் பார்க்கிறது?

ஹாக்வார்ட்ஸ் மாயப் பள்ளியில் சேர வரும் 11 வயதுப் பிள்ளைகள், முதல் நாள் இரவு ஒவ்வொருவராக முக்காலியில் அமர்ந்து ஒரு கிழிந்த பழைய தொப்பியை அணிய வேண்டும். தொப்பி அவர்கள் மனத்தைப் படித்து, நான்கு இல்லங்களில் ஒன்றின் பெயரை உரக்கச் சொல்லும். துணிச்சலுக்குக் கிரிஃபிண்டார், உழைப்புக்கும் விசுவாசத்துக்கும் ஹஃபிள்பஃப், அறிவுக்கு ரேவன்கிளா, வென்றே தீரும் வேட்கைக்கு ஸ்லிதரின். 1997 முதல் 2007 வரை வெளியான, ஜே.கே. ரௌலிங்கின் ஏழு ஹாரி பாட்டர் நாவல்களின் அடித்தளமே இந்தப் பிரிவினைதான். பிரிட்டிஷ் பள்ளிகளின் ஹவுஸ் முறை தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் இங்கே பெரும்பாலும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்ற நிறங்கள்தான். எந்த ஹவுஸ் கிடைத்தாலும் அது பிள்ளையின் குணத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஹாக்வார்ட்ஸில் சொல்கிறது. வாசகர்கள் தங்களையும் அங்கே பொருத்திப் பார்க்க ஆசைப்படுவது அதனால்தான்.

அந்த ஆசைக்கு அவர்கள் கையிலெடுத்த அளவுகோல் மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனை. கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூலைப் படித்த அமெரிக்கப் பெண்மணி கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கியது அது. இருவரும் உளவியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஒருவர் தனிமையில் தெம்பு பெறுகிறாரா, கூட்டத்திலா? கண்முன் உள்ளதை நம்புகிறாரா, உள்ளுணர்வையா? தர்க்கத்தால் முடிவெடுக்கிறாரா, மனிதர்களை எண்ணியா? திட்டமிட்டு முடிக்கிறாரா, போகிற போக்கில் பார்த்துக்கொள்கிறாரா? நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடைகள், ஆக 16 வகைகள்; விடைகளைக் குறிக்கும் நான்கு ஆங்கில எழுத்துகளே ஒவ்வொரு வகையின் பெயர்.

பதினாறை நான்கால் வகுத்தால் நான்கு. கணக்கு இவ்வளவு அழகாக அமைந்துவிட்டதால் பொருத்தம் எளிதென்று தோன்றுகிறது. தனிமையும் தர்க்கமும் கொண்ட ஐ.என்.டி.பி. வகையை ரேவன்கிளாவுக்கும், பிறரைத் தாங்கும் ஐ.எஸ்.எஃப்.ஜே. வகையை ஹஃபிள்பஃபுக்கும், தலைமை தாங்கும் ஈ.என்.டி.ஜே. வகையை ஸ்லிதரினுக்கும், களத்தில் குதிக்கும் ஈ.எஸ்.டி.பி. வகையைக் கிரிஃபிண்டாருக்கும் அனுப்புவது ரசிகர்களிடையே வழக்கமான பங்கீடு.

இந்தப் பங்கீட்டை ஹாரியின் தோழி ஹெர்மயனி கிரேஞ்சரிடம் கொண்டுபோனால் அங்கேயே உடைந்துவிடும். நூலகமே கதி என்று கிடப்பவள், தேர்வுக்கு மாதக்கணக்கில் முன்பே அட்டவணை போடுபவள். எந்த அளவுகோலும் அவளை ரேவன்கிளாவில்தான் வைக்கும். தொப்பியும் அதை யோசித்ததாக அவளே ஐந்தாம் நூலில் சொல்கிறாள். ஆனாலும் அவள் கிரிஃபிண்டார். அறிவு அவளிடம் இருப்பது. துணிவும் நட்பும் அவள் அதைவிட மேலாக மதிப்பவை. முதல் நூலிலேயே ஹாரியிடம் அவள் அப்படித்தான் சொல்கிறாள். ரேவன்கிளாவிலோ லூனா லவ்குட் இருக்கிறாள். ஆதாரமே இல்லாத விலங்குகளை நம்பும் கனவுப்பெண். ஸ்லிதரினைச் சேர்ந்த ஆசிரியர் செவரஸ் ஸ்னேப் கதையிலேயே மிகத் துணிந்தவர்களில் ஒருவர். நண்பர்களைக் காட்டிக்கொடுத்த பீட்டர் பெட்டிக்ரூ கிரிஃபிண்டார்.

சோதனை கேட்பது ஒன்று, தொப்பி கேட்பது வேறொன்று. மனம் எப்படி வேலை செய்கிறது என்பது சோதனையின் கேள்வி. எதை உயர்வாக நினைக்கிறாய் என்பது தொப்பியின் கேள்வி. ஒரே மாதிரி யோசிக்கும் இரண்டு பேர் முற்றிலும் வேறான இரண்டு பொருள்களுக்காக வாழக்கூடும். பட்டியல் போடுபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

சோதனையின் மீதும் உளவியலாளர்களுக்குக் குறை உண்டு. சில வாரம் கழித்து மீண்டும் எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. பெரும்பாலான மனிதர்கள் இரு துருவங்களுக்கும் நடுவில் நிற்பவர்கள். சோதனையோ நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்கிறது. ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது ஐந்து பண்புகளை ஏற்ற இறக்கமாக அளக்கும் முறையை. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, இணைய வினாடி வினாவில் இல்லம் பெற்ற ரசிகர்களை இத்தகைய அளவுகோல்களால் அளந்தது. ஹஃபிள்பஃப் ரசிகர்களிடம் இணக்கமும், ரேவன்கிளாவினரிடம் சிந்திப்பதில் நாட்டமும், ஸ்லிதரினினரிடம் தன்னலமும் சூழ்ச்சியும் சார்ந்த பண்புகளும் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் விரும்பிய இல்லத்துக்கு ஏற்ப விடை சொல்வது எந்த ரசிகருக்கும் எளிது. அங்கே வெளிப்படுவது குணமா, ஆசையா என்று பிரிப்பது கடினம்.

கதைக்குள் அந்த ஆசைக்கு மதிப்பு இருக்கிறது. ஸ்லிதரின் வேண்டாம் என்று ஹாரி மனத்துக்குள் மன்றாடியதைத் தொப்பி கேட்டுக்கொண்டது. பிற்பாடு தலைமையாசிரியர் டம்பிள்டோர், பிள்ளைகளை மிகச் சீக்கிரம் பிரித்துவிடுகிறோமோ என்று ஸ்னேப்பிடம் ஐயப்படுகிறார். அந்த ஐயம் நியாயமானது. 11 வயதில் ஒரு பிள்ளை எதை மதிக்கப்போகிறது என்பது முழுதாகத் தெரிவதில்லை.

ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில் லாங்பாட்டம் விஷயத்தில் மட்டும் தொப்பி பிள்ளையின் பேச்சைக் கேட்கவில்லை. கிரிஃபிண்டாரின் பெயருக்கே பயந்து, தன்னை ஹஃபிள்பஃபில் போடும்படி அவன் கெஞ்சியதாக ரௌலிங் பின்னர் எழுதினார். தொப்பியோ அவனைக் கிரிஃபிண்டாரிலேயே போட்டது. ஏழாம் ஆண்டு இறுதிப் போரில், அதே தொப்பிக்குள்ளிருந்து கிரிஃபிண்டாரின் வாளை உருவி கதையின் வில்லன் வால்டமோர்ட்டின் பாம்பை வெட்டியவன் நெவில்தான்.