மூட்டையைப் பிரிச்ச கதை

போன வாரம் பொண்ணைச் சென்னை வண்டி ஏத்தி விட திருப்பூர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீங்கன்னு ஒலிபெருக்கியில சொல்லிட்டே இருந்தாங்க. "இதையெல்லாம் யாருப்பா காதுல வாங்கறாங்க?"ன்னு கேட்டா. சிரிச்சு வெச்சேன். ஒரு காலத்துல நான் ரொம்ப நல்லாவே காதுல வாங்கினவன். அந்தக் கதையைத்தான் இன்னிக்கு சொல்லப் போறேன். கொஞ்சம் பழைய கொசுவத்தி, பொறுத்துக்கங்க.

ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம்தான் காதர்பேட்டை. தெரியாதவங்களுக்கு: எக்ஸ்போர்ட் கம்பெனியில மிஞ்சினது, ஊசி தப்பினது, கலர் மாறினது எல்லாம் லாட் லாட்டா வந்து விக்கிற இடம். எங்கப்பாவுக்கு அங்க எட்டடிக்கு ஆறடியில ஒரு கட்பீஸ் கடை இருந்துச்சு. பக்கத்துக் கடை பாய் கடை. பேரு வேண்டாம், அவருக்குப் பிடிக்காது.

காதர்பேட்டை வியாபாரம் ஓடறதே மூட்டையிலதான். கேரளாவுல இருந்து, ஆந்திராவுல இருந்து வர்ற வியாபாரி நாலு கடையில சரக்கு எடுப்பார். நாலு மூட்டையையும் ஏதாவது ஒரு கடையில போட்டுட்டு சாப்பிடப் போயிருவார். "அண்ணா, இது இங்கயே இருக்கட்டும், அரைமணி நேரத்துல வந்தர்றேன்." அவ்வளவுதான். பேர் கேக்க மாட்டோம், உள்ள என்னன்னும் கேக்க மாட்டோம். அடுத்தவன் மூட்டையை நம்பலைன்னா அங்க கடையே நடத்த முடியாது.

1997 கடைசியில இருந்தே கோயமுத்தூர் சரியில்லை. நவம்பர் 29 ராத்திரி உக்கடத்துல போக்குவரத்துக் காவலர் செல்வராஜைக் கொன்னாங்க. அதுக்கு அடுத்து நடந்த கலவரத்துலயும் துப்பாக்கிச்சூட்டுலயும் 18 முஸ்லிம்கள் செத்தாங்க. கடைகள் எரிஞ்சுது. டிசம்பர் 6 அன்னிக்கு சேரன், பாண்டியன், ஆலப்புழை எக்ஸ்பிரஸ் மூணுலயும் குண்டு வெடிச்சுது. சேரன்ங்கறது நாங்க சென்னைக்குப் போற வண்டி. ஆனாலும் எங்களுக்கு அதெல்லாம் பேப்பர் செய்திதான். திருப்பூர்ல ஷிப்மென்ட் தேதிதானுங்களே பெரிய செய்தி :-)

1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை.

சனிக்கிழமைன்னா திருப்பூருக்கு சம்பள நாள். சாயங்காலம் கம்பெனி விட்டதும் கையில காசோட கடைவீதிக்கு வருவாங்க. அன்னிக்கு அஞ்சு மணி வாக்குல யாரோ எஸ்.டி.டி. பூத்துல இருந்து ஓடி வந்து சொன்னாங்க, கோயமுத்தூர்ல குண்டு, ஒண்ணு ரெண்டு இல்ல, ஊர் பூரா வெடிக்குதுன்னு. அத்வானி தேர்தல் கூட்டத்துக்கு ஆர்.எஸ்.புரம் வர இருந்த நேரம். அவர் விமானம் தாமதமாகித் தப்பிச்சார். அரசு ஆஸ்பத்திரி வளாகத்தைக் கூட விட்டு வைக்கலை. 58 பேர் செத்தாங்க, 200 பேருக்கு மேல காயம். ஆர்.எஸ்.புரத்துல வெடிமருந்தோட நிறுத்தியிருந்த ஒரு காரைச் செயலிழக்க வைக்கவே சில நாள் ஆச்சு.

பத்து நிமிஷத்துல காதர்பேட்டை ஷட்டர் எல்லாம் இறங்கிருச்சு. சம்பளம் வாங்கின ஜனம் காசை வெச்சுக்கிட்டு வாங்கறதுக்குக் கடை இல்லாம வீட்டுக்கு ஓடுச்சு.

எங்கண்ணன் அன்னிக்குக் கோயமுத்தூர்ல மெஷின் பார்ட்ஸ் வாங்கப் போயிருந்தான். செல்போன் ஏது அப்போ? அப்பாவும் நானும் ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்துட்டே இருந்தோம். பதினோரு மணிக்கு ஒரு லாரியில தொத்திட்டு வந்து இறங்கினான். அதுவரைக்கும் பாய் எங்க கூடவேதான் நின்னார். "வந்துருவாருங்க, கவலப்படாதீங்க"ன்னு அப்பாகிட்ட சொல்லிட்டே இருந்தார்.

பாயோட அக்கா வீடு கோட்டைமேட்டுல. உக்கடத்துக்குப் பக்கம். அது எனக்குத் தெரியும். அண்ணன் வந்து சேர்ந்த சந்தோஷத்துல, "உங்க அக்கா வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா பாய்?"னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அப்பாவும் கேக்கலை. அவரும் ஒண்ணும் சொல்லாம சைக்கிளை எடுத்துட்டுப் போனார்.

கடை திறந்த பிறகு பேட்டையே வேற மாதிரி ஆயிருச்சு. "மூட்டை வைக்கறதுன்னா ஆளும் கூட இருக்கணும்"னு சொல்ல ஆரம்பிச்சாங்க. சாப்பாட்டுத் தூக்குவாளியை மறந்து வெச்சுட்டுப் போன ஒரு லோடுமேனுக்காக ஒரு சந்தே காலியாகி, போலீஸ் வந்து பார்த்தாங்க. உள்ள தயிர் சாதம். அன்னிக்கு யாரும் சிரிக்கலை.

ஒரு மாசம் இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் வந்தார். "தம்பி, ஜும்மாவுக்குப் போயிட்டு வந்தர்றேன். இந்த மூட்டை இருக்கட்டும்"னு எங்க கடைக்குள்ள தள்ளிட்டுப் போனார். வருஷக்கணக்கா எல்லா வெள்ளிக்கிழமையும் நடக்கறதுதான்.

அப்பா இல்ல. நான் மட்டும். அஞ்சு நிமிஷம் அந்த மூட்டையையே பார்த்துட்டு இருந்தேன். காதை வெச்சுக் கூடக் கேட்டேன், இப்போ நினைச்சா வெக்கமா இருக்கு. அப்புறம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு மூட்டையைப் பிரிச்சேன்.

உள்ள சின்னப் பசங்க சட்டை. ரோஸ் கலர், நெஞ்சுல வாத்துப் படம் போட்டது. பிரின்ட் கோணலா விழுந்த செகண்ட்ஸ். அவ்வளவுதான்.

பழையபடி கட்டினேன். ஆனா பாய் போடற முடிச்சு எனக்கு வராது. பனியன் துணியைக் கிழிச்சு ரெண்டு சுத்து சுத்தி உள்ள விட்டு இழுப்பார். நான் சாதா முடிச்சா போட்டு வெச்சேன். அவர் வந்து மூட்டையைத் தூக்கினார். முடிச்சைப் பார்த்தார். என்னைப் பார்க்கலை. போயிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் மூட்டையோட வந்தார். உள்ள வைக்கறதுக்கு முன்னாடி அவரே பிரிச்சார். "பாத்துக்குங்க தம்பி, ட்ரவுசர் பீஸ்" அப்படின்னு நாலு பீஸை எடுத்துக் காட்டிட்டு மறுபடி கட்டினார். அதுக்கப்புறம் அவர் வெச்ச ஒவ்வொரு மூட்டையையும் அப்படித்தான். "வேண்டாம் பாய்"னு ஒரு நாள் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரலை. சொன்னா நான் பிரிச்சதை ஒத்துக்கணுமே?

கொஞ்ச வருஷத்துல அப்பா கடையைக் கொடுத்துட்டார். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன்ல சேர்ந்தேன். அங்கயும் இன்னொரு குண்டு துரத்திட்டு வந்துச்சு, அமெரிக்காவுல இருந்து!

2001 செப்டம்பர் 11-க்கு அப்புறம் அமெரிக்க சுங்கத்துறை, பயங்கரவாதத்துக்கு எதிரா வியாபாரிகளோட சேர்ந்து 'சி-டிபேட்'னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. நியூயார்க் துறைமுகத்துல இறங்கற பெட்டிக்குள்ள பனியன்தான் இருக்குன்னு திருப்பூர் கேட்லயே உறுதி பண்ணணும். பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பினாங்க. கழுத்துல அடையாள அட்டை வந்துச்சு. பேக்கிங் ரூமுக்குப் பூட்டு, கேமரா. கன்டெய்னரை ஏழு இடத்துல தட்டிப் பார்க்கணும், சீல் நம்பரை எழுதணும். கப்பல்ல ஏத்தறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே சரக்கு விவரம் அமெரிக்காவுக்குப் போகணும். எங்கயோ இடிஞ்ச கட்டடத்துக்காக எங்க ஊர் டெய்லர் அக்கா சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டினாங்க.

நானும் தினம் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன். முதல் நாள் மட்டும் சுருக்குன்னு இருந்துச்சு. அப்புறம் பழகிருச்சு. ஏன்னா எனக்கு முன்னாடி நின்ன மேனேஜரும் காட்டினார், பின்னாடி நின்ன டெய்லரும் காட்டினாங்க.

அந்த கேட்டுல நிக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. எல்லாரையும் சோதிச்சா அது விதி. ஒருத்தரை மட்டும் சோதிச்சா அது அவமானம். குண்டு வெடிச்ச பிறகு கேமராவும் சோதனையும் வந்ததைப் பத்தி எனக்குப் பெரிய புகார் இல்ல, உயிர் போற விஷயம் அது. குண்டு வெச்சவங்களைக் கோர்ட்டு பார்த்துக்கிச்சு. 2007-ல அல்-உம்மா பாஷா உட்பட நிறைய பேருக்குத் தண்டனை வந்துச்சு. ஆனா எந்தச் சட்டமும் சொல்லாம, பத்து வருஷமா பக்கத்துக் கடையில இருந்த மனுஷனை நானே தனியா சோதிச்சேனே, அதுக்கு எந்த கோர்ட்டு?

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள், உக்கடத்துல கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னாடி கார் வெடிச்சு, அதுல வந்தவர் செத்தார். 2008 மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் உருவான என்.ஐ.ஏ. கைக்கு வழக்கு போச்சு. அந்த வாரமே பாயைப் பார்க்கப் போனேன். கடையை மகன் பார்த்துக்கறார். பாய் ஓரமா ஸ்டூல்ல உக்காந்திருந்தார்.

"கோட்டைமேட்டுல அக்கா வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா பாய்?"னு கேட்டேன். இருபத்துநாலு வருஷம் லேட்டு.

"அக்கா தவறி நாலு வருஷம் ஆச்சுங்க தம்பி. பசங்க நல்லா இருக்காங்க."

அப்புறம் எப்படியோ சொல்லிட்டேன். "அன்னிக்கு உங்க மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தேன் பாய்."

"தெரியும். முடிச்சு மாறியிருந்துச்சே."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவரே சொன்னார். "அந்த மாசம் என் கடையில வெச்ச மூட்டையெல்லாம் நானும் பிரிச்சுத்தான் பாத்தேன் தம்பி. எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல? குண்டு என்ன ஆளைப் பாத்தா வெடிக்குது? ஆனா நான் எல்லார்து மூட்டையும் பிரிச்சேன். உங்கப்பா மூட்டையை மட்டும் பிரிக்கலை."

மகனைக் கூப்பிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார். குடிச்சேன். கிளம்பும்போது என் பையை அங்கயே மறந்துட்டேன். பாதி வழியில ஞாபகம் வந்து திரும்பிப் போனா, நான் வெச்ச இடத்துல அப்படியே இருந்துச்சு.