கொடியை விட்டு ஓடியவர்

10 மே 2025, சனி. பிறேமன்

மத்தியானம் பேத்தி வந்தாள். பத்தாம் வகுப்பு. வரலாற்றுப் பாடத்துக்கு வெள்ளிக்கிழமை 'ரெஃபராட்' பேச வேண்டுமாம். யாரைப் பற்றி என்று கேட்டேன்.

"லூட்விக் பௌமன். எங்கட பிறேமனில இருந்தவர் அம்மப்பா. ஹிட்லரின்ர கடற்படையில இருந்து ஓடினவர்."

அந்தக் குற்றத்துக்கு ஜேர்மன் சட்டம் வைத்த பெயர் 'ஃபானன்ஃப்லுக்ற்'. கொடியை விட்டு ஓடுதல். நாற்பது வருசமாக இந்த மொழியோடு மாரடிக்கிறேன், இந்தச் சொல்லை இன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்தேன். ஓடியது சாவை விட்டு. சட்டம் எழுதியதோ கொடியை விட்டு என்று.

"ஓடினவைக்கு ஹம்பேர்க்கில ஏன் அம்மப்பா நினைவிடம் கட்டியிருக்கினம்?"

நானும் ஓடி வந்தவன்தான். அந்தக் கதையை அவளுக்கு இன்னும் ஒழுங்காகச் சொன்னதில்லை. தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன்.

11 மே, ஞாயிறு. ஹம்பேர்க்

இருவருமாக ரயிலில் போனோம், ஒரு மணித்தியாலப் பயணம். டம்டோர் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கல் நிற்கிறது. 1936இல், நாசிகள் காலத்தில், ஒரு படைப்பிரிவுக்காக எழுப்பியது. கல்லைச் சுற்றி வரிசை வரிசையாகப் படையினர் நடக்கிறார்கள். ஒரே தொப்பி, ஒரே துவக்கு, ஒரே கால். பேத்தி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"சுத்திச் சுத்தி நடக்கினம் அம்மப்பா. ஒரு இடத்துக்கும் போய்ச் சேரேல்ல."

அந்தக் கல்லுக்கு மறுமொழியாக அல்ஃபிரட் ஹிர்ட்லிச்கா என்ற சிற்பி எண்பதுகளில் ஒரு எதிர்ச்சின்னம் தொடங்கினார். நான்கு பகுதி திட்டம், இரண்டுதான் முடிந்தது. கல்லுக்கும் எதிர்ச்சின்னத்துக்கும் நடுவே, தப்பியோடியவர்களின் நினைவாக 2015 நவம்பரில் திறந்த முக்கோண மண்டபம்தான் நாங்கள் தேடி வந்தது. அதன் சுவர் எழுத்துகளால் ஆனது. எழுத்துகளுக்கு இடையால் அந்தப் பக்கத்துக் கல் தெரிகிறது, நடக்கிற படையினரும் தெரிகிறார்கள். பேத்தி ஒரு பொத்தானை அழுத்தினாள். கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஒரு குரல் வாசிக்கத் தொடங்கியது. தெருவில் பஸ் போகும்போதெல்லாம் ஒரு பெயர் காதில் விழாமல் போனது. அவள் திரும்பவும் அழுத்தினாள்.

13 மே, செவ்வாய்

பௌமன் 2014இல் எழுதிய தன்வரலாற்றை நூலகத்தில் எடுத்து வந்திருக்கிறாள். இரவு இரண்டு பேரும் வாசித்தோம். அவளுக்குத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கே கதை விளங்கியது.

1921இல் ஹம்பேர்க்கில் பிறந்தவர். தகப்பன் புகையிலை வியாபாரி. 1942 ஜூன் 3ஆம் திகதி, பிரான்சின் போர்தோ துறைமுகத்தில், நண்பர் கூர்ட் ஓல்டன்பூர்க்கோடு தப்பினார். இது கொலைகாரப் போர், இதில் ஆட்களைச் சுட மாட்டேன் என்பதுதான் காரணம். அடுத்த நாளே எல்லையில் ஜேர்மன் ரோந்துக்காரர் பிடித்துவிட்டார்கள். இவர்களிடம் துப்பாக்கி இருந்தது. சுட மனம் வரவில்லை.

ஜூன் 30இல் மரண தண்டனை. தகப்பன் ஆட்களைப் பிடித்து மன்றாடியதில் ஓகஸ்டிலேயே தண்டனை பன்னிரண்டு வருசச் சிறையாகக் குறைந்தது. ஆனால் அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை! கையிலும் காலிலும் விலங்கோடு பத்து மாதம் மரணக் கொட்டடியில் கிடந்தார். காலையில் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்றைக்குத்தான் என்று நினைத்திருப்பார். பேத்தி விரல்விட்டு எண்ணினாள். "முந்நூறு காலை அம்மப்பா."

பிறகு எஸ்டர்வேகன் முகாம், டோர்கௌ இராணுவச் சிறை, கடைசியில் கிழக்குப் போர்முனைக்குத் தண்டனைப் படை. ஓல்டன்பூர்க் அந்தப் படையிலிருந்து திரும்பவில்லை. இவர் திரும்பினார்.

14 மே, புதன்

போர் முடிந்த பிறகுதான் மற்றத் தண்டனை. ஹிட்லர் போனார், தீர்ப்பு போகவில்லை. சட்டப்படி பௌமன் குற்றவாளி. தெருவில் கோழை, துரோகி. குடியில் விழுந்து தகப்பன் விட்டுப்போன சொத்தைக் கரைத்தார். 1966இல் ஆறாவது பிள்ளையைப் பெறும்போது மனைவி இறந்தார். அதற்குப் பிறகு போத்தலை விட்டார், பிள்ளைகளை வளர்த்தார்.

தீர்ப்பு எழுதியவர்கள் என்ன ஆனார்கள் என்று பேத்தி கேட்டாள். நல்லாக இருந்தார்கள். ஹிட்லரின் இராணுவ நீதிமன்றங்கள் ஏறக்குறைய 30,000 மரண தண்டனை விதித்தன. முதலாம் உலகப் போர் முழுவதிலும் ஜேர்மன் இராணுவம் விதித்தது 150, நிறைவேற்றியது 48. இரண்டாம் போரில் அமெரிக்கா தப்பியோடியதற்காகக் கொன்றது ஒரே ஒருவரை. அந்த 30,000 தீர்ப்புக்காக மேற்கு ஜேர்மன் நீதிமன்றம் ஒரு இராணுவ நீதிபதியைக்கூடத் தண்டிக்கவில்லை. கடற்படை நீதிபதியாக இருந்த ஹான்ஸ் ஃபில்பிங்கர் ஒரு மாநிலத்துக்கே முதலமைச்சரானார். பழைய தீர்ப்புகள் வெளியே வந்து 1978இல்தான் பதவி விலகினார்.

பேத்தி கொப்பியில் '30,000' என்று எழுதி மூன்று முறை கோடிழுத்தாள்.

15 மே, வியாழன்

இன்றைக்கு வேலை சட்டத்தோடு. 1990இல் பௌமனும் எஞ்சியிருந்த சில பத்து வயோதிபர்களும் சேர்ந்து இராணுவ நீதியால் பாதிக்கப்பட்டோர் சங்கம் தொடங்கினார்கள். 1998இல் நாசித் தீர்ப்புகளை ரத்துச் செய்யும் சட்டம் வந்தது. ஆனால் தப்பியோடியவர்களுக்கு ஒட்டுமொத்த ரத்து இல்லை. ஒவ்வொருவராக விண்ணப்பிக்க வேண்டும், அரச வழக்குத்தொடுநர் கோப்பைப் பார்த்து முடிவு சொல்வார். இன்னொரு முறை கூண்டில் ஏறுவதா என்று கிழவர்கள் மறுத்தார்கள்.

பேத்திக்கு இது விளங்கவில்லை. "விண்ணப்பிச்சா என்ன அம்மப்பா? எப்பிடியும் கிடைச்சிருக்கும்தானே?"

அலுமாரியில் இருந்து என் நீல நிறக் கோப்பை எடுத்து வந்தேன். 1985இல் வந்து அகதி அந்தஸ்துக்கு ஆறு வருசம் காத்திருந்தவன் நான். விசாரணையில் ஒரு அதிகாரி கேட்டது இன்றைக்கும் காதில் நிற்கிறது: "ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நீர் ஏன் ஓடினீர்?" உயிர் தப்பியதற்குக் காரணம் எழுதிக் கொடுக்கச் சொன்னால் கை கூசும். அதைத்தான் எண்பது வயதுக்காரரிடமும் கேட்டார்கள் என்றேன். அவள் கோப்பைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

மன்னிப்பு வேறு, ரத்து வேறு. மன்னிப்பு என்றால் நீ பிழை செய்தாய், போகட்டும் விடுகிறோம் என்று அர்த்தம். ரத்து என்றால் பிழை தீர்ப்பில் என்று அர்த்தம். பௌமன் கேட்டது இரண்டாவதை.

மன்னிப்போடு நின்றுபோனதற்கு உதாரணமாக நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களின் கதையையும் அவளுக்குச் சொன்னேன். 1945இல் தொடங்கிய செங்கோட்டை விசாரணையில் மூன்று அதிகாரிகளின் ஆயுள் தண்டனையை வெள்ளைக்காரத் தளபதி நீக்கினார். ஆனால் பதவி பறிப்பை உறுதி செய்தார். விடுதலைக்குப் பிறகும் அந்தப் படையினரை இந்திய இராணுவம் திரும்ப எடுக்கவில்லை. தியாகி ஓய்வூதியம் 1972இல்தான். பாராட்டுப் பேச்சு உடனே கிடைக்கும், கடதாசி கிடைக்கக் காலம் எடுக்கும்.

16 மே, வெள்ளி

ரெஃபராட் நல்லபடியாக முடிந்ததாம். ஒரு பெடியன் கேட்டானாம், இதெல்லாம் ஹிட்லர் காலம்தானே, இப்போதைய இராணுவம் அப்படிச் செய்யாதுதானே என்று. ஆசிரியை மறுமொழி சொல்லியிருக்கிறார்.

இன்றைய ஜேர்மன் இராணுவமும் தன்பாலின ஈர்ப்புள்ள படையினரை 2000ஆம் ஆண்டு வரை பதவி உயர்வில் ஒதுக்கியது, சிலரைத் தரம் இறக்கி வெளியேற்றியது. 1983 கடைசியில் ஒரு நான்கு நட்சத்திரத் தளபதியையே, குந்தர் கீஸ்லிங்கை, அவரும் அப்படித்தான் என்ற வதந்தியை நம்பி வீட்டுக்கு அனுப்பினார்கள். வதந்தி பொய் என்று தெரிந்ததும் சில வாரத்தில் திரும்ப அழைத்துக் கௌரவித்தார்கள். யாரைப் பற்றி உண்மையாக இருந்ததோ அவர்கள் 2021 வரை காத்திருந்தார்கள். அந்த ஆண்டு வந்த சட்டம் பழைய தீர்ப்புகளை ரத்துச் செய்தது. தீர்ப்பு ஒன்றுக்கு 3,000 யூரோ, ஒதுக்கி வைத்ததற்கு இன்னொரு 3,000. தொகை சிறிது. ரத்து என்ற சொல் பெரிது.

17 மே, சனி

23 வருசத்துக்கு முன், 2002இல் இதே திகதியில், தப்பியோடியவர்கள் மீதான தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக ரத்துச் செய்ய ஜேர்மன் பாராளுமன்றம் வாக்களித்தது. பௌமனுக்கு அப்போது எண்பது வயது. அவர் அதோடு வீட்டில் இருக்கவில்லை. 'போர்த் துரோகிகள்' என்று கொல்லப்பட்டவர்கள் அந்தச் சட்டத்தில் விடுபட்டிருந்தார்கள். அவர்களுக்காக இன்னும் ஏழு வருசம் அலைந்தார். 2009 செப்டெம்பரில் அதுவும் நிறைவேறியது. 2018இல் இங்கே பிறேமனில் இறந்தார்.

பேத்தி பின்னேரம் வந்து கேட்டாள்: "நீங்கள் ஓடி வந்தது பிழையோ அம்மப்பா?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். நாற்பது வருசத்தில் இதை என்னிடம் கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளாத முதல் ஆள் அவள்தான். பிறகு 1985இல் இருந்து தொடங்கிக் கதையைச் சொன்னேன்.

ஒரு அரசு பிழையான தீர்ப்பை எழுதினால் அதைக் கிழிக்கிற வேலையும் அந்த அரசுடையதுதான். மனுசன் உயிரோடு இருக்கும்போதே கிழிக்க வேண்டும். பௌமனுக்கு அறுபது வருசம் எடுத்தது. ஓல்டன்பூர்க் அந்தக் கடதாசியைக் காணவே இல்லை.